வளைந்த எல்லைக்குள் வெற்றிட ஆற்றல்: கணக்கு எங்கே சறுக்கியது என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

இரண்டு தட்டையான தகடுகளுக்கு இடையிலான காசிமிர் ஆற்றலை, அதாவது எல்லைச் சுவர்கள் இருப்பதால் வெற்றிடத்தின் ஆற்றலில் வரும் மாற்றத்தைப் போட்டுப் பார்த்தவர்கள், அடுத்து ஒரு கோளத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். தகடுகளுக்கு ஒரே பக்கக் காகிதத்தில் முடிந்த கணக்கு, கோளத்துக்கு வந்தால் முடிவிலியைத் தரும், இல்லையென்றால் குறி மாறி வரும், அதுவும் இல்லையென்றால் பார்க்க அழகாகவும் முழுக்கத் தவறாகவும் ஓர் எண்ணைத் தரும். மூன்றாவதுதான் ஆபத்து.

என் அனுபவத்தில் பிழை பெரும்பாலும் பெசல் சார்பிலோ தொகையீட்டிலோ இருப்பதில்லை. எதை உள்ளே சேர்த்தோம், எதை வெளியே விட்டோம் என்ற வரவு செலவில்தான் இருக்கும். அதனால் எந்த வடிவத்துக்குக் கணக்குப் போட்டாலும், முதலில் விடை தெரிந்த ஒன்றில் உங்கள் முறையை ஓட்டிப் பாருங்கள். அதற்கு மிகச் சரியானது மெல்லிய, முழுமையாகக் கடத்தும் கோள ஓடு. 1968-இல் பாயர் இதைக் கணக்கிட்டார். 1978-இல் பாலியனும் டுப்லான்டியேவும் ஒரு வழியிலும், மில்டன், டிராட், ஷ்விங்கர் மூவரும் இன்னொரு வழியிலும் போய் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள்:

ஆற்றல் = +0.046176 × ஹெச்பார் × சி / ஆரம்

ஹெச்பார் என்பது பிளாங்க் மாறிலியை 2 × பை-யால் வகுத்தது, சி ஒளியின் வேகம். இதற்குப் பயன்படும் சூத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே எல்லா அறிகுறிகளுக்கும் இதுதான் அடிப்படை. அதிர்வெண் அச்சைக் கற்பனை அச்சுக்குத் திருப்பிய பிறகு,

ஆற்றல் = [ஹெச்பார் × சி / (2 × பை × ஆரம்)] × கூட்டல் { (2எல் + 1) × தொகையீடு லாக்(1 − லாம்டா²) }

எல் என்பது அதிர்வின் கோண வரிசை எண், கூட்டல் எல் = 1-இலிருந்து. எக்ஸ் என்பது திருப்பிய அதிர்வெண் × ஆரம் / சி, தொகையீடு எக்ஸ் = 0 முதல் முடிவிலி வரை. லாம்டா என்பது எஸ், இ என்ற இரண்டு சார்புகளின் பெருக்கலின் வகைக்கெழு. எஸ் என்பது மையத்தில் ஒழுங்காக இருக்கும் மாற்றுப் பெசல் சார்பு, இ என்பது தொலைவில் தேய்ந்துபோகும் சார்பு. இரண்டுக்கும் வரிசை எண் எல் + 1/2. அதை நியூ என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: கட்ஆஃபை மாற்றினால் விடையும் மாறுகிறது

கட்ஆஃப் என்பது உயர் அதிர்வெண்களை அடக்க நாம் வைக்கும் வரம்பு. முதலில் ஒரு கேள்வி: கோளத்துக்கு வெளியே உள்ள மோடுகளை (புலம் அதிரக்கூடிய வகைகளை) சேர்த்தீர்களா? "கோளத்துக்குள் வெற்றிட ஆற்றல்" என்று தலைப்பு இருப்பதால் உள்ளே உள்ளதை மட்டும் கூட்டி நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தகடுகளில் இது தப்பித்துவிடும். தட்டையான எல்லைக்கு வளைவு கிடையாது, வளைவால் வரும் முடிவிலிகளும் கிடையாது. கோளத்தில் தப்பாது.

ஏன் என்று பார்க்கலாம். ஒரு பெட்டிக்குள் எத்தனை மோடுகள் இருக்கின்றன என்பதற்கு வைலின் பெயரில் வழங்கும் விரிவு உண்டு: முதலில் கன அளவைப் பொறுத்த உறுப்பு, அடுத்து பரப்பு, அடுத்து வளைவு, அப்புறம் வளைவின் உயர்ந்த அடுக்குகள். அதிர்வெண் மீது ஒரு மழுங்கல் காரணியைப் போட்டு, அதன் அளவை டெல்டா என்றால், கன உறுப்பு 1/டெல்டா⁴ ஆகவும், பரப்பு 1/டெல்டா³ ஆகவும், வளைவு 1/டெல்டா² ஆகவும் விரியும். அதற்குப் பின்னால் ஒரு மடக்கை ஒளிந்திருக்கும். கோள ஓட்டில் கன உறுப்பு, ஓடு இல்லாத வெற்றிடத்தைக் கழித்ததும் போய்விடும். மின்காந்தப் புலத்துக்கு டிஇ (ஆரத் திசையில் மின்புலம் இல்லாத மோடுகள்), டிஎம் (ஆரத் திசையில் காந்தப்புலம் இல்லாதவை) இரண்டின் பரப்பு உறுப்புகளும் எதிர்க்குறியோடு வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வளைவு உறுப்பும் மடக்கையும் வளைவின் ஒற்றை அடுக்கில் வருபவை. உள்ளிருந்து பார்த்தால் குழிவாகத் தெரியும் சுவர் வெளியிலிருந்து குவிவாகத் தெரிகிறது, அதனால் குறி மாறுகிறது. உள்ளும் வெளியும் சேர்ந்தால்தான் இவை கழியும். ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருப்பவருக்குக் கழிக்க ஆளே இல்லை.

வெளிப்புறம் தொடர்ச்சியான நிறமாலை, அதை எப்படிக் கூட்டுவது என்று தயங்க வேண்டாம். ஓட்டைச் சுற்றி இன்னொரு மிகப் பெரிய கோளத்தை வையுங்கள், இரண்டுக்கும் நடுவே மோடுகள் எண்ணத் தக்கவையாகிவிடும். பெரிய கோளத்தின் ஆரத்தை முடிவிலிக்குக் கொண்டுபோனால் இ சார்பு மட்டும் மிஞ்சும். மேலே உள்ள சூத்திரத்தில் அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் சேர்த்தும் விரிகிறதா? டிரிக்லே எல்லையோடு (சுவரில் புலம் பூஜ்யம்) ஒரு ஸ்கேலார் புலத்தை, அதாவது திசையில்லாத புலத்தை, எடுத்திருப்பீர்கள். அங்கே பரப்பு உறுப்பு உள்ளும் வெளியும் ஒரே குறியோடு வரும், கழியாமல் கூடும். விரியும் கூட்டலுக்குச் சீட்டா சார்பின் நீட்டிப்பால் மதிப்புத் தரும் சீட்டா சார்பு முறை அதைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு 0.002817 / ஆரம் என்று தரும். கட்ஆஃப் முறை அதை முகத்தில் அடித்தாற்போல் காட்டும். இரண்டும் ஒரே இயற்பியல்தான். எறியப்பட்டது ஓட்டின் பரப்பு இழுவிசையோடு சேர வேண்டிய பகுதி.

அறிகுறி: ஒவ்வோர் உறுப்பும் மைனஸ், ஆனால் விடை பிளஸ் என்கிறார்கள்

இதில்தான் நான் மிக அதிக நேரம் தொலைத்தேன். லாம்டா² எப்போதும் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும், எனவே லாக்(1 − லாம்டா²) எப்போதும் மைனஸ். மைனஸ் எண்களைக் கூட்டினால் மைனஸ்தானே வர வேண்டும்? இங்கே ஒரு நாள் முழுக்கக் குறிப் பிழையைத் தேடினேன். குறிப் பிழையே இல்லை.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எக்ஸ் = நியூ × இசட் என்று மாற்றிக்கொண்டால், பெரிய நியூவுக்கு லாம்டா தோராயமாக 1 / [2 நியூ (1 + இசட்²)^(3/2)]. ஆகவே லாக்(1 − லாம்டா²) ≈ −1 / [4 நியூ² (1 + இசட்²)³]. (1 + இசட்²)-இன் மூன்றாம் அடுக்கின் தலைகீழை 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் 3 × பை / 16. முன்னால் (2எல் + 1) என்பது 2 நியூ, எக்ஸ்-ஐ மாற்றியதால் இன்னொரு நியூ. எல்லா நியூவும் கழிந்து, ஒவ்வோர் எல்-க்கும் பங்கு

−3/64

என்று நிற்கிறது. எல் எவ்வளவு பெரிதானாலும் அதே −3/64. தேயவே இல்லை. நீங்கள் 100 உறுப்பு கூட்டினால் −4.7 வரும், 1000 கூட்டினால் −47 வரும். கணினி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, தொடர்தான் விரிகிறது.

எக்ஸ் மீது தொகையிடுவதை முடித்துவிட்டு எல்-ஐ ஒரு இடத்தில் கத்தரிப்பது, அதிர்வெண் மீது வைத்த கட்ஆஃப் ஆகாது. உண்மையான கட்ஆஃப் எக்ஸ்-ஐயும் எல்-ஐயும் சேர்த்தே அடக்கும். நியூவின் மீது ஒரு அடுக்குக்குறித் தேய்வை வைத்து, எல் = 0-இலிருந்து கூட்டிப் பார்த்தால், 1-களின் கூட்டல் 1/டெல்டா − டெல்டா/24 + … என்று வரும். இதன் முடிவுள்ள பகுதி பூஜ்யம். அந்த 1/டெல்டா துண்டு, கட்ஆஃபை அதிர்வெண் மீதே முறையாக வைத்தால் தானாக மறைந்துவிடும். ஆனால் நம் கூட்டல் எல் = 1-இலிருந்துதான் ஆரம்பம். பூஜ்யத்திலிருந்து எல் = 0 உறுப்பான 1-ஐ எடுத்துவிட்டால் மீதி −1. ஹர்விட்ஸ் சீட்டா சார்பு தெரிந்தவர்கள் நேராகவே போடலாம்: பூஜ்யத்தில், 3/2 என்ற தொடக்கத்தோடு அதன் மதிப்பு 1/2 − 3/2 = −1.

ஆக −3/64 × −1 = +3/64 = 0.046875. உண்மையான விடை 0.046176. ஒரே ஒரு வரிக் கணக்கில் ஒன்றரை விழுக்காட்டுக்குள் வந்துவிட்டோம். கோளத்தின் பிளஸ் குறி பிறக்கும் இடம் இதுதான். மின்காந்தப் புலத்துக்கு எல் = 0 மோடு இல்லை என்ற ஒரே காரணம்.

1953-இல் காசிமிர், எலக்ட்ரானை ஒரு சின்னக் கடத்தி ஓடாக நினைத்து, வெற்றிட ஆற்றல் அதை உள்நோக்கி இழுத்து மின்விலக்கத்தைச் சமன் செய்யும் என்று எதிர்பார்த்தார். குறி எதிராக வந்து அந்த யோசனையே கவிழ்ந்தது. அவருக்கே ஊகத்தில் பிடிபடாத குறி இது. நமக்கு ஒரு நாள் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: விடை −0.0193 வருகிறது

எல் = 0-ஐச் சேர்த்துவிட்டீர்கள். நிரலில் சுழல் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது கைப்பழக்கம்.

இதைச் சரிபார்ப்பது எளிது. எல் = 0-க்கு எஸ் என்பது சைன் ஹைப்பர்பாலிக், இ என்பது தேயும் அடுக்குக்குறி. பெருக்கலின் வகைக்கெழு நேராக, −2எக்ஸ் அடுக்குக்கு ஏறிய அடுக்குக்குறிச் சார்பு. தொகையிட்டால் இதன் பங்கு −பை/48, அதாவது −0.06545. 0.046176-உடன் இதைக் கூட்டிப் பாருங்கள்: −0.01927. உங்கள் எண் இதுதான் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஸ்கேலார் புலத்துக்கு இது தலைகீழ். அங்கே எல் = 0 கட்டாயம் வேண்டும். டிரிக்லே ஸ்கேலாரில் எல் = 0 மட்டும் −பை/24 தருகிறது, அதாவது −0.1309. அதை விட்டுவிட்டால் 0.0028 வர வேண்டிய இடத்தில் 0.1337 வரும். அந்த 0.1337 என்பது வேறொன்றுமில்லை, மின்காந்தப் புலத்தின் டிஇ பகுதி.

அறிகுறி: சரியாக இரண்டு மடங்கு

0.0923 வந்தால் பதற வேண்டாம். பழைய கட்டுரைகள் பலவற்றில் விடையை 0.0923 / (2 × ஆரம்) என்றுதான் எழுதியிருப்பார்கள், 2 கீழே இருப்பதைக் கவனிக்காமல் ஒப்பிட்டிருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மோடு ஒவ்வொன்றுக்கும் வரும் அரை விட்டுப்போயிருக்கும்.

எண்ணின் அளவே விசித்திரமாக இருந்தால் அலகுதான். ஹெச்பார் × சி = 197.327 எலக்ட்ரான்வோல்ட்-நானோமீட்டர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 1 மைக்ரான் என்றால் ஓட்டின் ஆற்றல் சுமார் 0.0091 எலக்ட்ரான்வோல்ட் வர வேண்டும்.

அறிகுறி: நிரல் "முடிவிலி" அல்லது "எண் அல்ல" என்று துப்புகிறது

எஸ் அடுக்குக்குறியாக வளரும், இ அதே வேகத்தில் தேயும். தனித்தனியாகக் கணக்கிட்டால் எக்ஸ் சில நூறுகளைத் தாண்டியதும் ஒன்று நிரம்பி வழியும், மற்றது பூஜ்யமாகும், பெருக்கினால் குப்பை. பெசல் நூலகங்களில் அடுக்குக்குறியைப் பிரித்தெடுத்த, அளவிடப்பட்ட வடிவங்கள் இருக்கும். அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள், பெருக்கலில் இரண்டு அடுக்குக்குறிகளும் தாமாகவே கழியும்.

லாம்டாவுக்கு எண்முறை வகைக்கெழு எடுக்காதீர்கள். பெசல் சார்புகளின் தொடர்பு வாய்பாடுகளை வைத்து எஸ், இ இரண்டின் வகைக்கெழுக்களையும் நேராக எழுதுங்கள். எழுதிய கையோடு இரண்டு சோதனை. ஒன்று ரான்ஸ்கியன்: எஸ்-இன் வகைக்கெழு × இ, கழித்தல் எஸ் × இ-இன் வகைக்கெழு, எல்லா இடத்திலும் 1 வர வேண்டும். இரண்டாவது, எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது லாம்டா 1/(2எல் + 1)-க்குப் போக வேண்டும். எல் = 1-க்கு மூன்றில் ஒன்று. இந்த இரண்டும் சரியென்றால் சார்புப் பகுதியை மூடிவைத்துவிடலாம்.

லாக்(1 − லாம்டா²)-ஐ அப்படியே எழுதாமல், சிறிய எண்ணுக்கென்றே உள்ள லாக்1பி போன்ற சார்பில் −லாம்டா²-ஐக் கொடுங்கள். பெரிய எல்-இல் லாம்டா² மிகச் சிறியது, 1-இலிருந்து கழித்தாலே இலக்கங்கள் தொலைந்துபோகும். முடிவிலி வரை போகும் தொகையீட்டுக்கு இசட் = டான் தீட்டா என்று மாற்றினால் வரம்பு 0 முதல் பை/2 வரை சுருங்கும், சார்பும் வழவழப்பாகிவிடும். எங்கே வெட்டுவது என்ற கவலையே இல்லை.

அறிகுறி: எண் நெருங்குகிறது, ஆனால் ஆமை வேகத்தில்

−3/64-ஐ ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் கழித்துவிட்டு மீதியைக் கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி நியூ²-இன் தலைகீழாகத் தேயும். 100 உறுப்புக்குப் பிறகும் ஆறாவது தசமத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு படி போங்கள். அடுத்த உறுப்பு −9 / (16384 நியூ²). இதன் கூட்டல் கையாலேயே தெரியும்: எல் = 1 முதல் 1/நியூ²-களின் கூட்டுத்தொகை பை²/2 − 4, அதாவது 0.9348. இரண்டையும் சேர்த்தால் 0.046361. மீதி நியூ⁴-இன் தலைகீழாகத் தேய்வதால் பத்துப் பதினைந்து உறுப்பில் 0.046176 வந்து நிற்கும். மூன்றாவது படிக்குப் போகும் ஆசை வரும், எனக்கும் வந்தது. தேவையில்லை, அந்த இயற்கணிதத்தில் தப்பு செய்யும் வாய்ப்புதான் கூடும்.

அறிகுறி: என்ன செய்தாலும் ஒரு மடக்கை மிஞ்சுகிறது

ஓட்டுக்குப் பதில் மின்கடத்தாப் பொருளால் ஆன திடக் கோளத்தை எடுத்தீர்களா? அப்படியென்றால் நிரலைத் திருத்துவதை நிறுத்துங்கள், பிழை அதில் இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒளியின் வேகம் வேறு வேறு என்றால், முன்னே சொன்ன உள்-வெளிக் கழிவு முழுதாக நடக்காது. 1999-இல் போர்டாக், கிர்ஸ்டன், வாசிலெவிச் ஆகியோர் காட்டியது இதைத்தான்: மின்கடத்தா எண்களின் வித்தியாசத்தின் மூன்றாம் அடுக்கில் மிஞ்சும் உறுப்பு இருக்கிறது. வித்தியாசம் சிறியது என்று வைத்து இரண்டாம் அடுக்கோடு நின்றால் முடிவுள்ள விடை உண்டு: 23 (எப்சிலான் − 1)² / (1536 × பை × ஆரம்), ஹெச்பார் × சி-யால் பெருக்க வேண்டும். எப்சிலான் கோளத்தின் மின்கடத்தா எண், வெளியே வெற்றிடம். உங்கள் நிரலை எப்சிலான் 1-ஐ ஒட்டி ஓட்டி இந்த எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நிரல் சரி, மடக்கை உண்மை. காந்த ஊடுதிறனையும் மாற்றி இரண்டு பக்கமும் ஒளி வேகம் ஒன்றாக இருக்கும்படி அமைத்தால் மடக்கை காணாமல் போகும், அதுவும் ஒரு நல்ல சோதனை.

உள்பக்கம் மட்டும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் இதே பதில். மடக்கை மிஞ்சினால் அதற்குள் இருக்கும் அளவுகோல் உங்கள் விருப்பம், அதோடு ஒட்டி நிற்கும் "முடிவுள்ள பகுதி"யும் உங்கள் விருப்பம். அதை ஒரு தனி எண்ணாகப் பதிப்பிக்க முடியாது.

அறிகுறி: ஆற்றல் அடர்த்தியைத் தொகையிட்டால் மொத்த ஆற்றல் வரவில்லை

தகடுகளுக்கு நடுவே மின்காந்த ஆற்றல் அடர்த்தி எங்கும் ஒரே அளவு. அந்தப் பழக்கத்தில் கோளத்திலும் தொகையிட்டால் சுவரருகே வெடிக்கும். 1979-இல் டாய்ச்சும் கான்டெலாஸும் காட்டியபடி, வளைந்த கடத்திச் சுவரை நெருங்கும்போது மின்காந்த அடர்த்தி தொலைவின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாக ஏறும், உள்ளும் வெளியும் எதிர்க்குறியில். மொத்த ஆற்றல் முடிவுள்ளது என்பதால் அடர்த்தியும் அடங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேலார் புலத்தில் இன்னும் மோசம்: சாதாரண இணைப்பில் தட்டைச் சுவரருகிலேயே நான்காம் அடுக்கில் ஏறும், (சுவரின் வளைவோடு அல்ல) கால-வெளி வளைவோடு 1/6 என்ற இணைப்பு வைத்தால் அந்தத் தட்டைப் பகுதி மட்டும் போகும். சுவரின் மேலேயே படிந்திருக்கும் பரப்பு ஆற்றலையும் கணக்கில் எடுக்காமல் இரண்டு எண்களும் ஒத்துப்போகாது.

அறிகுறி: உருளையில் குறி மாறிவிட்டது

மாறத்தான் வேண்டும். கடத்தி உருளைக்கு, ஓர் அலகு நீளத்துக்கு, −0.01356 × ஹெச்பார் × சி / ஆரம்². 1981-இல் டிராட், மில்டன் கணக்கிட்டது. உருளையில் இரண்டு வகை மோடுகளும் டிரிக்லே, நாய்மன் (சுவரில் புலத்தின் செங்குத்து வகைக்கெழு பூஜ்யம்) என்று சுத்தமாகப் பிரியும்: முதலாவது +0.000615, இரண்டாவது −0.01418. தனித்தனியாக ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள், எந்தப் பாதி கெட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: கோளம்-தகடு ஆய்வு எண்களோடு ஒப்பிட்டால் குறியே எதிர்

இரண்டு வேறு கேள்விகளை ஒப்பிடுகிறீர்கள். 1997-இல் லாமரோவும் 1998-இல் மொகிதீன், ராய் இருவரும் அளந்தது ஒரு கோளப் பரப்புக்கும் தட்டைத் தகட்டுக்கும் இடையிலான விசை. அங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன, தூரத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்பது கேள்வி. ஓட்டின் ஆற்றல் ஒரே பொருளின் தன்னாற்றல். அது பிளஸ் என்பதால் ஓட்டை இரண்டாக வெட்டினால் பாதிகள் விலகும் என்றும் நினைக்க வேண்டாம். 2006-இல் கென்னத், கிளிச் இருவரும் நிறுவியது, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரண்டு பொருள்கள் எப்போதும் ஈர்க்கும் என்று. இரண்டு அரைக்கோளங்களுக்கும் அது பொருந்தும்.

கோளம்-தகடு விசைதான் உங்கள் கேள்வி என்றால், முதலில் அண்மைத் தோராயத்தை (வளைந்த பரப்பைச் சின்னத் தட்டைத் துண்டுகளாக எடுத்துக்கொள்வதை) போடுங்கள்: பை³ × ஹெச்பார் × சி × ஆரம் / (360 × இடைவெளி³). ஆரம் 100 மைக்ரான், இடைவெளி 100 நானோமீட்டர் என்றால், இலட்சிய உலோகத்துக்குச் சுமார் 270 பிக்கோநியூட்டன். வளைவுக்கான முதல் திருத்தம் ஆற்றலில் 1 + (1/3 − 20/பை²) × இடைவெளி/ஆரம் என்று வரும், அதாவது குணகம் சுமார் −1.69. டிரிக்லே ஸ்கேலாருக்கு அதே குணகம் +1/3. உங்கள் எண்முறைக் கணக்கில் மின்காந்தப் புலத்துக்கு +0.33 சரிவு தெரிந்தால், இரண்டு முனைவாக்கங்களையும் டிரிக்லே என்று போட்டு இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள். இடைவெளி/ஆரம் ஆயிரத்தில் ஒன்று என்றால் இந்தத் திருத்தம் 0.17 விழுக்காடுதான், அந்த அளவில் உங்கள் எண் பத்து விழுக்காடு தள்ளி நின்றால் வளைவைக் குற்றம் சொல்லாதீர்கள், உலோகத்தின் உண்மையான மின்கடத்தலையும் வெப்பநிலையையும் பாருங்கள்.